ஒசாக்காவுக்கு இருவர் மட்டும்

என் நாட்குறிப்பில் 2025 ஜனவரி 16, வியாழக்கிழமை, காணும் பொங்கல் அன்று இப்படி எழுதியிருக்கிறது: "ஒசாக்கா. நவம்பர் முதல் வாரம். உலகக் கண்காட்சி அக்டோபரில் முடிந்துவிடும், கூட்டம் குறையும். இருவர் மட்டும்." கடைசி இரண்டு சொற்களுக்கு அடியில் கோடு இருக்கிறது. எழுதியது நான், கோடு போட்டது என் மனைவி. என் நாட்குறிப்பில் இன்னொருவர் பேனா பட்டது அந்த ஒரு முறைதான்.

இந்தப் பயணத்தைப் பற்றி ஆத்திரப்படாமல் எழுத முடியுமா என்று சில மாதமாகப் பார்த்தேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். ஆத்திரம் போன பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் நான் எழுதவே போவதில்லை. அதனால் அதை அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தேதிகளில் மட்டும் தப்பு வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1962 ஆகஸ்ட் 16 அன்று இந்த ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. அவர் எழுதிக் கொடுத்தார். என் அப்பா முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி. அவர் எழுதிக் கொடுக்கவில்லை. நான் அப்போது கைக்குழந்தை. அவ்வளவுதான் விஷயம். சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி பிரெஞ்சுக் குடிமகள், ஒருவன் இந்தியன்.

நாங்கள் கல்யாணம் செய்துகொண்டபோது தெருவில் ஒரே பேச்சு: "நேஷனாலிட்டிக்காகக் கட்டிக்கிட்டான்." அப்படிக் கட்டிக்கொள்கிறவர்கள் இந்த ஊரில் உண்டு என்பதால் அந்தப் பேச்சை முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. என் விஷயத்தில் அது பொய். அதை நிரூபிக்க எனக்கு இருந்தது ஒரே வழி, கடைசிவரை விண்ணப்பிக்காமல் இருப்பது. சட்டப்படி எனக்கு வழி இருந்தது, பிரெஞ்சும் ஓரளவு படிப்பேன். ஆனாலும் விண்ணப்பிக்கவில்லை. என் மனைவி இதை வீம்பு என்பாள். ஆமாம், வீம்புதான்.

அந்த வீம்புக்கான விலையை நாங்கள் ஒரே ஒரு முறை சேர்ந்து கட்டினோம். என் மாமியார் பிரான்ஸில் இருந்த காலத்தில், அவரைப் பார்க்க இரண்டு பேரும் போனோம். பாரிஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. அவள் ஒரு பக்கம் போய் ஒரு நிமிடத்தில் அந்தண்டை நின்றாள். நான் இந்தண்டை நீளமான வரிசையில். என் முறை வந்தபோது எங்கே தங்குவீர்கள், கையில் எவ்வளவு இருக்கிறது, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார்கள். கேட்டவர் அவர் வேலையைச் செய்தார், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் அவள் இரண்டு பெட்டியையும் பிடித்துக்கொண்டு, பேருந்து நிலையத்தில் காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற தாயைப்போல எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் தனியாகவே போய் வந்தாள். நான் ஊரில் இருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

போன வருஷப் பொங்கலுக்கு அவள்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, நம்ம ரெண்டு பேருக்குமே அசலூரா ஒரு நாடு கெடையாதா?"

"நிறைய இருக்கு. ஏன்?"

"அங்க எறங்கினா ரெண்டு பேரும் வெளிநாட்டுக்காரங்க வரிசையில ஒண்ணா நிப்பமில்ல? அது மாதிரி ஒரு ஊர் பாருங்க. அங்க போலாம். நம்ம ரெண்டு பேரும் மட்டும்."

அறுபதைத் தாண்டிய ஒருத்தி முதல் தடவையாக எதையோ கேட்கிறாள், அதுவும் ஒரு வரிசையில் நிற்பதற்காக. ஊர் பார்ப்பதைக்கூட அவள் கேட்கவில்லை. நான் அட்லஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜப்பான் என்று முடிவானதும் எல்லோரும் தோக்கியோ என்றார்கள். நான் ஒசாக்காவைத் தேர்ந்தெடுத்ததற்கு என் மனைவியின் சிரிப்புதான் காரணம். அவள் சிரித்தால் குருசுக்குப்பத்தில் மீன் விற்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இத்தனைக்கும் அவர்களே லேசில் வாயை மூடுகிறவர்கள் அல்ல. ஜப்பானில் ரயிலில் பேசக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று படித்துவிட்டு, இவளை அங்கே கூட்டிக்கொண்டு போய் வாயைப் பொத்தி வைப்பதா என்று கவலைப்பட்டேன். மேலும் படித்தபோதுதான் ஒசாக்கா வேறு ஜாதி என்று தெரிந்தது. பழைய வணிகர்களின் ஊர். விலை பேசுவார்கள், கிண்டல் செய்வார்கள், தெருவில் நின்று தின்பார்கள், முன்பின் தெரியாதவனிடமும் கதை அடிப்பார்கள். தோக்கியோவில் நகரும் படிக்கட்டில் இடது ஓரமாக நிற்பவர்கள் என்றால் இவர்கள் வலது ஓரம். நாட்டுக்கே ஒரு பழக்கம் என்றால் எங்களுக்கு வேறு என்கிற ஊர். எனக்குப் பிடித்துவிட்டது.

வாய்க்கால் ஓரத்தில் தோத்தோம்போரி என்று ஒரு கடைத்தெரு. குழிப்பணியாரச் சட்டியைப் போன்ற ஒன்றில் மாவை ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் ஆக்டோபஸ் என்கிற பேய்க்கணவாயில் ஒரு துண்டைப் போட்டு, நீளமான ஊசியால் திருப்பித் திருப்பி உருண்டையாக்கி விற்கிறார்கள். படத்தைக் காட்டினேன். "பேய்க்கணவாய்ல பணியாரமா!" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள். அந்தச் சட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். அதற்கும் ஒரு தெரு இருந்தது, சமையல் பாத்திரங்களுக்கு மட்டுமே. அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆறு மாதம் நாங்கள் இதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே போயிருக்கலாம்.

ஜூலை 14 பிரெஞ்சுத் தேசிய நாள். என் மனைவியின் அண்ணனும் சொல்தாதான், பணி முடிந்து பென்ஷனோடு ஊருக்கு வந்து வீடு கட்டியவர். ஆண்டுதோறும் அணிவகுப்பு முடிந்ததும் அவர் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. மச்சான் மெடல்களைக் கழற்றாமலே இலைக்கு முன்னால் உட்காருவார், குனியும்போதெல்லாம் அவை கணகணக்கும். அண்ணி ரசத்தை ஊற்றிக்கொண்டே என் மனைவியிடம் தீபாவளிக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்.

"தீபாவளிக்கு இங்கதான் அண்ணி. நவம்பர்லதானே ஒசாக்கா போறோம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"எங்க போறீங்க?" என்றார் மச்சான்.

"ஒசாக்கா. ஜப்பான்ல."

"யாரு யாரு?"

"நானும் அவரும்."

"நீங்க ரெண்டு பேருமா? ஜப்பானுக்கா?" மெடல்கள் குலுங்கின. "பாப்பா, உன் வீட்டுக்காரர் திண்டிவனம் போறதுக்கே டிக்கெட்ட மூணு வாட்டி தடவிப் பாப்பாரு. இவர நம்பி ஜப்பான் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய இரண்டு மகன்களும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன்.

"நான் ஆப்பிரிக்காவுல ஜிபூத்தில இருந்தவன். தாஹித்தி வரைக்கும் பாத்தவன். என்னை விட்டுட்டு எங்கயாவது போவீங்களா நீங்க? நாங்களும் வர்றோம். ஆறு பேரு. குடும்பமா போலாம்."

மகன்கள் கைதட்டினார்கள். ஒசாக்கா அந்த இடத்திலேயே எங்கள் கையை விட்டுப் போயிற்று. அந்த வீட்டில் மச்சான் பேசி முடித்த பிறகு யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. என் மனைவி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை கழுவும் இடத்தில் நான் அவரிடம் சொன்னேன். "மச்சான், எனக்கு விசா எடுக்கணும்."

"ஜப்பானுக்கு விசா கெடையாது மாப்ள."

"உங்களுக்குக் கெடையாது. எனக்கு உண்டு."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். சே பா கிராவ்."

அதொன்றும் பெரிய விஷயமில்லை என்பதற்கு அவர் வைத்திருக்கும் பிரெஞ்சு அது. யாருக்குப் பெரிய விஷயமில்லை என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. இந்த முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் என் தலைமேல் எது விழுந்தாலும் அவர் சொல்வது இதைத்தான். அவர் தலைமேல் ஏதாவது விழுந்தபோது அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. என் மாமனார் காலத்திலிருந்து எல்லோருடைய காகிதங்களும் வீட்டின் மூத்த ஆண் கையில், ஒரே இரும்பு பீரோவில். பாஸ்போர்ட்டுகள், லிவ்ரே என்று அவர்கள் சொல்கிற குடும்பப் புத்தகம், பிறப்புச் சான்றிதழ், பென்ஷன் காகிதம், எல்லாம். வெளிநாட்டுக்குப் போகும்போது வாங்கிக்கொள்ள வேண்டும், வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ராணுவக்காரர் அடிக்கடி வெளிநாட்டில் இருந்த காலத்தில், ஒன்றும் தொலையாமல் இருக்க ஏற்பட்ட பழக்கமாக இருக்கலாம். மாமனார் போய் மச்சான் கைக்குச் சாவி வந்தது. என் மனைவிக்குப் பேரப்பிள்ளை பிறந்த பிறகும் அவள் பாஸ்போர்ட் அண்ணன் பீரோவில்தான் இருந்தது. அவளுக்கு அது உறுத்தியதே இல்லை. எனக்கு உறுத்தியது, ஆனால் அது என் பாஸ்போர்ட் இல்லை என்பதால் சும்மா இருந்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் மச்சான் என் பாஸ்போர்ட்டையும் கேட்டார். ஏஜென்ட்டிடம் ஆறு பேருடையதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். விசாவுக்குத் தேவையான வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் காகிதம், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்து, பாஸ்போர்ட்டை மேலே வைத்துக் கொடுத்தேன்.

பயணத் திட்டம் நான் போட்டதாகவே இருந்தது. எட்டு நாளுக்கு, எந்த நாள் எந்தத் தெரு, எந்த ரயில், எங்கே உட்கார இடம் உண்டு, எங்கே கழிப்பறை உண்டு என்பதுவரை. உட்கார இடமும் கழிப்பறையும் என் மனைவியின் முழங்காலை நினைத்துப் போட்டது. முதல் நாள் மாலை வாய்க்கால் ஓரம். இரண்டாம் நாள் காலை பாத்திரக்கடைத் தெரு. மச்சான் அதை வாங்கி, நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, மேலே 'நம்ம ஜப்பான் டூர்' என்று அச்சடித்து வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். ஐந்தாம் நாளில் மட்டும் கை வைத்திருந்தார். மீன்சந்தையை எடுத்துவிட்டு ஒரு பிரெஞ்சு உணவகத்தைப் போட்டிருந்தார்.

"ஒசாக்காவுல போயி எதுக்கு மச்சான் பிரெஞ்சு சாப்பாடு?"

"ஒரு வேளையாவது மனுஷன் சாப்பாடு சாப்பிட வேணாமா மாப்ள?"

செப்டம்பரில் விசாவைக் கேட்டேன். "ஏஜென்ட்கிட்ட குடுத்தாச்சு" என்றார். அக்டோபர் ஆரம்பத்தில் கேட்டேன். "வந்துரும் மாப்ள. ஜப்பான்காரன் டைம் தவற மாட்டான்." தீபாவளிக்குக் கேட்டேன். அதிரசத்தைக் கடித்துக்கொண்டே, "நீ ஒரு ஆளு கேக்கற கேள்விய அந்த விமானத்துல வர்ற மொத்த பேரும் கேக்க மாட்டாங்க" என்றார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் என் அதிரசத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 30, வியாழக்கிழமை நானே ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனேன். பயணம் நவம்பர் 6. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் இருந்தாள், கெட்டிக்காரப் பெண். நான் பெயரைச் சொன்னதும் எங்கள் விவரத்தை எடுத்துவிட்டாள்.

"ஆறு டிக்கெட்டும் ஓகே சார். ஹோட்டல் ஓகே. வேற என்ன சார்?"

"என் விசா என்னாச்சும்மா?"

"உங்க குரூப்புக்கு விசா தேவையில்ல சார். எல்லாருமே பிரெஞ்சு பாஸ்போர்ட்தானே?"

"நான் இந்தியன்மா."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க அந்த வீட்டு மாப்பிள்ளைதானே சார்?"

"ஆமாம்."

"அந்த வீட்ல எல்லாரும் பிரெஞ்சுன்னுதான் சார் போன்ல சொன்னாங்க. ஆறு பேர் பேரும் அவங்கதான் சொன்னாங்க, நாங்க போட்டோம்."

"என் பாஸ்போர்ட்டும் ஃபைலும் உங்ககிட்ட குடுத்ததா சொன்னாரே?"

"எங்ககிட்ட வரவேயில்ல சார். இந்தியன் பாஸ்போர்ட்னு ஒண்ண நான் கையால தொட்டிருந்தா விசாவுக்கு அன்னிக்கே அனுப்பியிருப்பேன்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாள்காட்டியை எடுத்து விரல் வைத்து எண்ணினாள். நாளை வெள்ளி. சனிக்கிழமை நவம்பர் 1, புதுச்சேரி விடுதலை நாள், விடுமுறை. ஞாயிறு. திங்கள் ஜப்பான்காரர்களுக்கு விடுமுறை. வெள்ளியோடு செவ்வாயும் புதனும்தான் மிச்சம். "வாய்ப்பே இல்ல சார்" என்றாள். நான் எழுந்துகொண்டபோது அவளும் எழுந்து நின்றாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஆட்டோ பிடித்து மச்சான் வீட்டுக்குப் போனோம்.

மச்சான் கூடத்தில் பெட்டியை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் தொங்குகிற தராசு ஒன்றோடு. நான் கேட்டேன். அவர் தராசைக் கீழே வைக்கவில்லை.

"ஏஜென்ட்கிட்ட குடுத்தேன் மாப்ள. இன்னும் நாள் இருக்கு, அப்புறமா எடுத்துட்டு வாங்கன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. பீரோவுல இருக்கு."

"அவங்க பாக்கவேயில்லன்னு சொல்றாங்க."

"அந்தப் பொண்ணா? நேத்து வந்த பொண்ணு, அதுக்கென்ன தெரியும்?"

"சரி, திருப்பிக் குடுத்தா எங்கிட்ட சொல்ல வேணாமா? தீபாவளிக்குக் கூடக் கேட்டேனே மச்சான்! ஜப்பான்காரன் டைம் தவற மாட்டான்னீங்களே. எந்த ஜப்பான்காரன்? உங்க பீரோவுல இருக்கானா?"

என் குரல் அவ்வளவு ஏறும் என்று எனக்கே தெரியாது. உள்ளேயிருந்து அண்ணி வந்து வாசற்படியில் நின்றார்.

மச்சான் இப்போது தராசை வைத்தார். "இங்க பாரு மாப்ள, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. வாங்கச் சொன்னப்பவே நீ நேஷனாலிட்டி வாங்கியிருந்தா இன்னிக்கு இந்தப் பேச்சு வந்திருக்குமா? ஊருக்கு முன்னாடி பெரிய மனுஷனா இருக்கணும்னு நீ வீம்பு புடிச்ச. உன்னால எம் பொறந்தவ எத்தன வாட்டி தனியா ஏர்போர்ட்ல நின்னிருக்கா, உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். அவள் தனியாகப் போன ஒவ்வொரு தேதியும் என்னிடம் எழுத்தில் இருக்கிறது. அவர் சொன்னதில் பாதி நிஜம். ஆத்திரத்தில் இருக்கிற மனிதனிடம் பாதி நிஜத்தைச் சொல்வதைப் போன்ற அயோக்கியத்தனம் வேறில்லை.

அவர் தங்கையிடம் திரும்பினார். குரல் இளகிவிட்டது. "பாப்பா, நீ வா. எல்லாம் புக் ஆயிருக்கு. மாப்ள அடுத்த தடவ வரட்டும். சே பா கிராவ்."

"பீரோவத் தெற ண்ணா" என்றாள் அவள்.

அவர் திறந்தார். என் ஃபைல் கீழ்த்தட்டில் இருந்தது. பாஸ்போர்ட் மேலே, நான் வைத்த மாதிரியே. அவர் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"என்னோடதையும் குடு."

"உன்னுது எதுக்கு? வியாழக்கிழம ஏர்போர்ட்ல குடுப்பேனே."

"நான் வரல. என்னோடதக் குடு."

"பைத்தியமா உனக்கு? வராட்டி இங்கயே இருக்கட்டும். அப்பா காலத்துலேருந்து..."

"அப்பா காலத்துல நான் சின்னப் பொண்ணு ண்ணா. எனக்கு இப்ப பேரன் இருக்கான். குடு."

அவர் கொடுக்கவில்லை. அவளே கையை விட்டு, மேல்தட்டில் இருந்த சிவப்பு அட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். அண்ணி வாசற்படியை விட்டு ஒதுங்கி வழிவிட்டார். அண்ணி சிரித்த மாதிரி எனக்குத் தோன்றியது. நிச்சயமில்லை என்பதால் அன்றைய குறிப்பில் அதைச் சேர்க்கவில்லை.

அவர்கள் நால்வரும் நவம்பர் 6 அன்று போனார்கள். எங்கள் இரண்டு டிக்கெட்டும் வீணாய்ப் போயின. அது கிடக்கட்டும். எனக்கு ஆறாதது அதற்குப் பிறகு நடந்ததுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வரத் தொடங்கின. முதல் நாள் மாலை வாய்க்கால் ஓரம். நான் எந்தப் பாலத்தில் எந்தப் பக்கம் நின்றால் விளக்குகள் தண்ணீரில் தெரியும் என்று எழுதியிருந்தேனோ, அதே பாலம், அதே பக்கம், மச்சான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். இரண்டாம் நாள் காலை பாத்திரக்கடைத் தெரு. அண்ணி பேய்க்கணவாய்ச் சட்டியைத் தலைக்குமேல் பிடித்திருக்கிறார். நான் என் மனைவியின் முழங்காலுக்காகக் குறித்துவைத்த பெஞ்சில் அவருடைய இளைய மகன் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். ஒருநாள்கூட அவர்கள் திட்டத்தை மீறவில்லை. மீறியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். என் மனைவிக்கு அளவெடுத்து நான் தைத்த ரவிக்கையை வேறொருத்தி போட்டுக்கொண்டு, அளவு சரியாக இருக்கிறது என்று எனக்கே வந்து காட்டினால் எப்படி இருக்கும்? எனக்குத் தினமும் காட்டினார்கள்.

நான்காம் நாள் மச்சானின் குரல் பதிவு ஒன்று வந்தது. "மாப்ள! உன் ப்ளான் சூப்பர்! ஒரு எடத்துல கூட தடுக்கல!" பின்னால் பெரும் சிரிப்பும் இரைச்சலும். அந்த ஊர் நான் படித்ததைப் போலவே சத்தமான ஊர் என்பதை அப்படித்தான் உறுதிப்படுத்திக்கொண்டேன்.

நான் போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்தேன். என் மனைவி அதை எடுத்து, அந்தக் குரலை மறுபடி ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டாள்.

"ஐஞ்சாம் நாளு மீன்சந்தைக்குப் போகாம பிரெஞ்சு ஓட்டல்ல போயி உக்காரப் போறாங்க" என்றாள். "போகட்டும். அதுவாவது நமக்கு மிச்சம்."

பிறகு குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். நான் வெளியேறவில்லை. கடைசிப் படம்வரை பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

திரும்பி வந்ததும் மச்சான் வீட்டுக்கு வந்தார். பேப்பர் சுற்றிய பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார். அந்தச் சட்டி.

"உனக்குத்தான் பாப்பா. அண்ணி ஆசையா வாங்கினா."

அவள் பிரிக்கவில்லை. "எடுத்துட்டுப் போ ண்ணா. நான் அந்தத் தெருவுக்குப் போயி நானே பாத்து வாங்கிக்கறேன்."

"போறப்ப போ. இப்ப இது இருக்கட்டுமே?"

"இது இருந்தா நான் எதுக்குப் போவணும்?"

அவர் காப்பி குடித்தார். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார். மன்னிப்பு என்ற சொல்லோ அதன் பிரெஞ்சுச் சொல்லோ அவர் வாயில் வரவில்லை.

இந்த மார்ச்சில் நாங்கள் சென்னைக்குப் பேருந்தில் போய் விசா விண்ணப்ப மையத்தில் நின்றோம். நாள்வாரித் திட்டம் ஒன்றை இணைக்க வேண்டும். பழையதை நான் தொடவில்லை, அது எச்சில் ஆகிவிட்டது. புதிதாக எழுதினேன், மீன்சந்தையில் ஆரம்பித்து. காலையிலேயே வரிசை நீளமாக இருந்தது. விண்ணப்பிக்கிறவர்கள் மட்டும் வரிசையில் நிற்கலாம், மற்றவர்கள் அங்கே உட்காரலாம் என்று காவலாளி சொல்லிக்கொண்டே வந்தார். என் மனைவி கையில் சிவப்பு அட்டையைப் பார்த்துவிட்டார்.

"மேடம், உங்களுக்கு விசா வேணாமே? நீங்க அப்படி உக்காருங்க."

"தெரியும்" என்றாள்.

"அப்புறம் எதுக்கு நிக்கிறீங்க?"

"இவரு நிக்கிறாரு இல்ல?"

காவலாளி என்னைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். முழங்கால் வலியோடு அவள் கடைசிவரை நின்றாள். நடுவில் ஒரு தடவை எதற்கோ சிரித்தாள். மொத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது.

விசா வந்துவிட்டது. மே மாதத்துக்கு இரண்டு டிக்கெட். பாஸ்போர்ட் இரண்டும் எங்கள் வீட்டில், துணி அலமாரியில் இருக்கின்றன. மச்சானிடம் தேதியைச் சொல்லவில்லை. என் ஆத்திரம் இதனால் குறைந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அவரைக் கல்யாண வீடுகளில் பார்க்கும்போது இப்போதும் என் காது சூடாகிறது. அவரும் போகிற இடமெல்லாம், "நான் அன்னிக்கே குடுத்தேன், ஏஜென்ட்டுதான் சொதப்பிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. மச்சான் என் பாஸ்போர்ட்டை ஏஜென்ட் அலுவலகத்துக்கு எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தாரா, இல்லை, நான் கொடுத்த நாளிலிருந்து அது அந்தக் கீழ்த்தட்டை விட்டு நகரவே இல்லையா? கொடுத்ததாக அவர் சொல்கிறார், வரவே இல்லை என்று அந்தப் பெண் சொல்கிறாள். இருவரில் ஒருவர் சொல்வது பொய். யார் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு, ஆதாரம் கிடையாது. இன்றைய தேதிவரை இது சரிபார்க்கப்படாத தகவல்.